பூட்டிய வீட்டுக்கு ஆவரேஜ்

வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதுகிறவருக்குப் பூட்டிய வீடு ஒரு தொல்லை. மீட்டர் உள்ளே இருக்கும், ஆள் வெளியே நிற்பார், எழுத வேண்டிய கட்டம் காலியாக இருக்கும். காலிக் கட்டத்தோடு அலுவலகத்துக்குத் திரும்பக் கூடாது என்பது விதி. அதற்காகத்தான் ஆவரேஜ் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் போன முறை எவ்வளவு ஓடியிருந்ததோ ஏறக்குறைய அதையே இந்த முறைக்கும் போட்டு, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட வேண்டும். புள்ளியைப் பார்த்தால் இது கண்ணால் பார்த்த எண் இல்லை என்று அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும்.

தெருவில் எல்லோரும் மீட்டர்காரர் என்று கூப்பிடும் அந்த மனிதர் பத்தொன்பது வருடமாக இந்த வேலையைச் செய்துவந்தார். ஆவரேஜ் போடுவதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அடுத்த முறை வீடு திறந்திருக்கும்போது பார்த்தால், அவர் போட்ட எண்ணுக்கும் உண்மைக்கும் இரண்டு மூன்று யூனிட்தான் வித்தியாசம் இருக்கும். "உனக்கு மட்டும் என்னய்யா, சுவர தாண்டிக் கண்ணு தெரியுதா?" என்று ஒருநாள் சூப்பர்வைசர் கேட்டாராம். இதை அவர் வீட்டில் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். மனிதர்களின் சிறிய கர்வங்களால் பெரும்பாலும் யாருக்கும் கெடுதல் இல்லை, அவை பிறந்த இடத்திலேயே இருக்கும்வரை.

அவருடைய தாத்தா தலைமுறையில் ரயில் பாதை போட வந்து, போட்டு முடித்த பிறகும் போகாமல் தங்கிவிட்டது அவர்கள் குடும்பம். நிறம் வேறு. மூன்றாவது தலைமுறையிலும் அது வேறாகவே இருந்தது. சீருடையைப் பார்த்துக் கதவைத் திறக்கிறவர்கள், சீருடைக்கு மேலே இருக்கும் முகத்தைப் பார்த்துக் கதவைப் பாதியில் நிறுத்துவார்கள். ஒரு வீட்டில் அவர் நிற்பதற்கென்றே பழைய செய்தித்தாளை விரிப்பார்கள். இன்னொரு வீட்டம்மா பதினோரு வருடமாக, ஒவ்வொரு முறையும் அவருடைய அடையாள அட்டையை வாங்கி, அலுவலகத்துக்குப் போன் போட்டு, இப்படி ஒரு ஆள் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார். "என் போட்டோவ என் பொண்டாட்டியவிட அதிகமா பாத்தது அந்தம்மாதான்" என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த நகரத்துக்குத் தலைவராக ஒரு அம்மா வந்தார். அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். பெரிய பேச்சாளர் என்று சொல்ல முடியாது. ஆனால் மற்றவர்கள் சுற்றி வளைத்துத் தாண்டிப் போகிற ஒரு விஷயத்தை நேராகச் சொன்னார். "இந்த ஊர்ல நிறத்த பாத்துட்டுத்தான் கதவத் திறக்கறோம். திறக்கறவங்களுக்கு இது தெரியாது. வெளிய நிக்கறவங்களுக்குத் தெரியும்." கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த மீட்டர்காரர், யாரோ தன் பையைத் திறந்து பார்த்துவிட்ட மாதிரி கூசிப்போனார்.

டீச்சர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். சொன்னதில் பாதி செய்தார், பாதி செய்யவில்லை. செய்ததில் உருப்படியான ஒன்று, மக்கள் குழு. சீருடை போட்ட அதிகாரி யாராவது ஒரு குடிமகன் மேல் புகார் கொடுத்தால், அது கோர்ட்டுக்குப் போகுமுன் சாதாரண மக்கள் ஒன்பது பேர் உட்கார்ந்து விசாரிப்பார்கள். புகாரில் நிறத்தைத் தவிர வேறு சத்து இல்லையென்றால் அங்கேயே தள்ளிவிடுவார்கள். மூன்று வருடத்தில் நூறு கேஸுக்கு மேல் தள்ளியிருந்தார்கள்.

நூற்றுச் சொச்சத்தில் ஒன்றாகத் தன் மகளின் கேஸும் ஆகிவிடும் என்பதுதான் மீட்டர்காரருக்கு இருந்த ஒரே நம்பிக்கை.

மகளுக்கு இருபத்து நான்கு வயது. மருந்தாளர் படிப்பு முடித்து, ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். பதினான்கு மாதத்துக்கு முன், வேலைக்குப் போகும் வழியில், ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகர் நிறுத்தினார். டிக்கெட் காட்டினாள். அடையாள அட்டை கேட்டார், காட்டினாள். இன்னொன்று கேட்டார். "எனக்கு முன்னாடி போன நாப்பது பேர்கிட்ட ஒண்ணுகூடக் கேக்கலியே?" என்றாள். அவர் கையைப் பிடித்தார், அவள் கையை இழுத்தாள், முழங்கை பட்டு அவருடைய கண்ணாடி தரையில் விழுந்து உடைந்தது. கடமையில் இருந்த அதிகாரியைத் தாக்கினாள் என்று வழக்கு. தண்டனை என்று ஒன்று வந்தால், அது ஒருநாள் சிறையாக இருந்தாலும், மருந்தாளர் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். ஐந்து வருடப் படிப்பு அதோடு முடிந்தது.

மக்கள் குழுவில் அவளுடைய கேஸுக்குத் தேதி கிடைத்திருந்தது. டீச்சர் மறுபடியும் நிற்கும் தேர்தல் முடிந்து மூன்றாவது வாரம். டீச்சரை எதிர்த்து நின்றவரோ, ஜெயித்த முதல் நாளே அந்தக் குழுவின் அறையைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார். கைதட்டல் அந்த இடத்தில்தான் அதிகம்.

ஊரின் மனநிலை மாறிவருவதை முதலில் சொன்னது மச்சான்தான், மனைவியின் தம்பி. முடிவெட்டும் கடை வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, மூன்று கண்ணாடி, நாள் முழுக்கப் பேச்சு.

"மச்சான், இந்தத் தடவ டீச்சர் கரையேற மாட்டாங்க," என்றார், மீட்டர்காரரின் கிருதாவை ஒதுக்கிக்கொண்டே.

"உன் கடைக்கு வர்ற நாலு பேர வச்சு ஊரையே அளக்காத."

"நாலு பேரா? நாற்காலியில உக்காந்து கழுத்த என்கிட்ட குடுத்துட்டுப் பொய் சொல்றவன் கம்மி மச்சான். கையில கத்தி இருக்குல்ல!" கடையில் காத்திருந்தவர் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. "பஸ் சரியா வரல, குப்ப எடுக்கல, ரோடு மோசம். இதெல்லாம் சொல்றாங்க. கடைசியில குரல இறக்கி, 'எப்பப் பாரு அந்த ஒரே பேச்சுதானா'ன்னு கேக்கறாங்க. நம்ம ஆளுங்களே கேக்கறாங்க. நேத்து ஒருத்தர், நம்ம நிறந்தான், 'அந்தம்மா பேசப் பேச எங்களத்தான் எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க, சும்மா இருந்தா நிம்மதியா இருப்போம்'ங்கறார்."

"போன தடவ எல்லாரும் போட்டாங்களே."

"போன தடவ துக்கம் விசாரிக்க வந்த மாதிரி வந்து போட்டாங்க. ஒருதரம் வந்தாச்சு, கடமை முடிஞ்சது. அதே வீட்டுக்கு மறுபடியும் துக்கம் விசாரிக்க வருவாங்களா என்ன? தலைய ஆட்டாதீங்க, காது போயிடும்."

மீட்டர்காரருக்குக் கோபம் வந்தது. அன்று மாலையே டீச்சரின் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். மூடிக்கிடந்த ஒரு தையல் கடையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சுவரில் இன்னும் அளவு நாடாக்கள் தொங்கின. வாக்காளர் பட்டியல்களைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். எல்லோரும் லிஸ்ட் அக்கா என்றார்கள், அவளைவிட இருபது வயது மூத்தவர்களும்.

"அண்ணே, உங்க மூணு தெருவும் உங்களுக்கே. நானூத்திப் பன்னெண்டு கதவு," என்று ஒரு கட்டைக் கொடுத்தாள். "ஒவ்வொரு கதவுக்கும் போன தடவ என்ன சொன்னாங்கன்னு இங்க இருக்கு. இந்தத் தடவ என்ன சொல்றாங்கன்னு இங்க எழுதணும். கட்டாயம் போடுவாங்கன்னா ஒண்ணு. யோசிக்கறாங்கன்னா ரெண்டு. போடமாட்டாங்கன்னா மூணு. ஓட்டுப்போடுற அன்னிக்கு ஒண்ணு இருக்கற வீட்டுக்கெல்லாம் வேன் போகும். கூட்டிட்டு வந்து போட வைக்கணும். அதுதான் மொத்த வேலையும்."

போன முறை எண், இந்த முறை எண், கட்டங்கள். பத்தொன்பது வருடம் பழகிய தாளைப் போலவே இருந்தது அது. அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

வீட்டில் மகள் ஒன்றே ஒன்று சொன்னாள். "என்னச் சொல்லி ஓட்டுக் கேக்காதீங்கப்பா."

"கேக்கமாட்டேன்."

"நீங்க சொல்லாட்டியும் உங்க மூஞ்சி சொல்லும். அதையாவது கொஞ்சம் சரி பண்ணிக்கிட்டுப் போங்க."

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி, துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஊர்க் கதவெல்லாம் தட்டப் போறார் உங்கப்பா. நம்ம வீட்டுக் கதவு எந்தப் பக்கம்னு ஒரு சீட்டுல எழுதி சட்டைப் பையில போட்டு விடு."

தினமும் வேலை முடிந்ததும் சீருடையை மாற்றிக்கொண்டு போனார். முதல் ஆச்சரியம், சீருடை இல்லாமல் போனால் அவரைப் பலருக்கு அடையாளமே தெரியவில்லை. திறந்தவர்கள் அன்பாகவே பேசினார்கள். ஒரு பழைய டிராம் டிரைவர், மனைவி இறந்து தனியாக இருப்பவர், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உங்ககிட்ட மறைக்க வேணாம்னு பாக்கறேன். இந்தத் தடவ மாட்டேன். என் தெருவிளக்கு எட்டு மாசமா எரியல. மூணு தடவ மனு குடுத்தேன். ஒவ்வொரு தடவையும் சமத்துவத்தப் பத்தி ஒரு நோட்டீஸ்தான் வந்துது."

மீட்டர்காரர் வெளியே வந்து மூன்று என்று எழுதினார். அந்த டிரைவர் மேல் வெறுப்பாக இருந்தது. மூன்று தெருவிலும் தன்னிடம் முழு உண்மையைச் சொன்ன ஆள் அவர்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

திறக்காத கதவுகள்தான் அதிகமாக இருந்தன. நூற்று எண்பத்திரண்டு. எல்லாம் உண்மையில் பூட்டியவை அல்ல. மணி அடித்ததும் உள்ளே டி.வி. சத்தம் குறையும். ஒரு நாற்காலி நகரும். அப்புறம் ஒன்றும் கேட்காது. மூன்று தடவையாவது போய்ப் பாருங்கள் என்று லிஸ்ட் அக்கா சொல்லியிருந்தாள். இரண்டாவது தடவை போகவே நாள் இல்லை. பட்டியலைத் திருப்பிக் கொடுக்க நான்கு நாள்தான் பாக்கி. காலிக் கட்டங்களை அவர் திரும்பத் திரும்ப எண்ணினார்.

முதலில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் செய்தார். கணவன் மனைவி இருவரும் மாலை வேலைக்குப் போகிறவர்கள், அவருக்கே தெரியும். போன தடவை ஒன்று. இந்தத் தடவை மட்டும் மாறிவிடவா போகிறார்கள்? ஒன்று என்று எழுதினார். பழக்கத்தில் கை தானாகவே பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தது. அடுத்த வீட்டுக்கும் அப்படியே. ஒரு படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து, பென்சிலைச் சீவிக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் நிரப்பினார். அவர் ஏமாற்றவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். போன தடவை மூன்று என்று இருந்த வீட்டுக்கு மூன்றே போட்டார். ஆனால் போன தடவை ஒன்று என்று இருந்த வீடுகள் அதில் நூற்று முப்பத்தேழு.

பட்டியலைப் பார்த்ததும் லிஸ்ட் அக்காவின் முகம் மலர்ந்தது. "அண்ணே! எல்லாத் தெருவுலயும் அழுதுட்டு வர்றாங்க, உங்க தெரு மட்டும் அப்படியே நிக்குதே!" பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். புள்ளிகள் என்ன என்று யாரும் கேட்கவில்லை. பென்சில் தட்டியது என்று நினைத்திருப்பார்கள். அவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அத்தனை பேர் சந்தோஷப்பட்டு அவர் பார்த்து நாளாகியிருந்தது. அந்தத் தெருக்கள் பத்திரமாக இருக்கின்றன என்று, அங்கே இரண்டாம் சுற்றுக்குக் கதவு தட்ட இருந்த இரண்டு பேரை வேறு வட்டாரத்துக்கு அனுப்பினாள்.

அன்று வீட்டுக்குப் போய் மகளிடம், "நம்ம தெரு பூரா டீச்சர் பக்கம்தான். கவலப்படாத," என்றார். பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அவள் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவருக்கும் தான் எழுதியதில் நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு எண்ணைத் தாளில் பார்த்துவிட்டால், அதை எழுதியவனேகூட அது எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிடுகிறான்.

வாக்குப்பதிவு அன்று அவரை வேனில் ஏற்றினார்கள், தெருக்காரர்களுக்குத் தெரிந்த முகம் என்று. காலை பதினோரு மணிக்குள் வந்து போடாத 'ஒன்று' வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார்கள். இன்று கதவுகள் திறந்தன. வேன் வாசலில் நின்றது, வெயில் கடுமையாக இருந்தது, வாக்குச்சாவடி தூரம். "அட, வண்டியா? இருங்க, செருப்ப மாட்டிக்கிட்டு வர்றேன்," என்று உற்சாகமாகவே கிளம்பினார்கள். முதல் நடையில் எட்டுப் பேர், இரண்டாவது நடையில் ஒன்பது பேர்.

மூன்றாவது நடையில், இரண்டாம் மாடியில் இருந்த முட்டிவலிக்காரம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி வேனில் உட்காரவைத்தார். இவர் அடையாள அட்டையைப் பதினோரு வருடமாகச் சோதிக்கிற அதே அம்மா. இன்று அட்டை கேட்கவில்லை. வேன் நகர்ந்ததும் அவர் மீட்டர்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வந்து கூப்பிட்டீங்க, அதான் வர்றேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், மனசுல வச்சுக்காதீங்க. டீச்சருக்கு இல்ல."

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"போன தடவ போட்டேன். நல்லவங்கதான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்தம்மா பேசறதக் கேட்டா, ஏதோ நானே யாரையோ அடிச்சுட்ட மாதிரி இருக்கு. நாலு வருஷமா குத்தவாளிக் கூண்டுல நிக்க முடியலப்பா எனக்கு. காலும் வலிக்குது."

பின்சீட்டில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். சிரித்தவரை மீட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். அவருக்கு அடுத்தவர் தன் கால் விரல்களைப் பார்த்தார். யாரும் மறுத்துச் சொல்லவில்லை. பட்டியல் அவர் மடியில்தான் இருந்தது. ஏழு பெயர், ஏழிலும் ஒன்று, ஏழிலும் புள்ளி.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் தெரிந்தது. குறைந்த டி.வி. சத்தம் தெரிந்தது, நகர்ந்த நாற்காலி தெரிந்தது. காலையிலிருந்து டீச்சரின் வண்டியில், டீச்சரின் டீசலில், டீச்சருக்கு எதிரான ஓட்டுகளை அவரே தாங்கிப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் மகள், தெரு பூரா நம் பக்கம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

டிரைவர் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து, "அண்ணே, என்ன செய்ய? ஓரமா நிறுத்தவா?" என்றார் மெல்ல.

முட்டிவலிக்காரம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது. "இறக்கி விட்டுடறீங்களா? இங்கேயேவா?" நடுரோடு, நிழல் இல்லை.

"இல்லம்மா. போலாம்," என்றார் மீட்டர்காரர்.

வாக்குச்சாவடிக்கு ஏழு படி. அந்த அம்மாவை அவர்தான் ஒவ்வொரு படியாக ஏற்றினார். இதைப் பெருந்தன்மை என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அப்படித் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரை விட்டுவிட்டு நகர்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஏழாவது படியில் அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்க பொண்ணு சௌக்கியமா?" என்று கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

வேனை அனுப்பிவிட்டு நடந்தே தையல் கடைக்குப் போனார். மணி பன்னிரண்டரை. லிஸ்ட் அக்கா இரண்டு போனில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தாள். பட்டியலை அவள் முன்னால் வைத்தார்.

"இந்தப் புள்ளி இருக்குல்ல. அதெல்லாம் நான் கேட்டு எழுதினது இல்ல. கதவு திறக்கல. போன தடவ இருந்தத எழுதிட்டேன்."

"எத்தன?"

"ஒண்ணு போட்டது நூத்தி முப்பத்தேழு."

அவள் இரண்டு போனையும் கவிழ்த்து வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். "எதுக்குண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"எங்க ஆபீஸ்ல அப்படித்தான்..." என்று ஆரம்பித்தார்.

"எத்தனப் பேரக் கொண்டுபோய் விட்டீங்க?"

"இருபத்து நாலு."

அவள் சிவப்புப் பேனாவை எடுத்துப் புள்ளி வைத்த ஒன்றுகளை எல்லாம் அடித்தாள். அடித்துக்கொண்டே போனபோது மிச்சம் எவ்வளவு குறைவு என்பது இருவர் கண்ணுக்கும் தெரிந்தது. "வேன வேண்டாம்னு சொல்லுங்க. புள்ளி இல்லாத 'ஒண்ணு' வீடு ஒவ்வொண்ணுக்கும் நடந்து போங்க. அஞ்சு மணி நேரம் இருக்கு. போங்கண்ணே, நிக்காதீங்க." வேறு வட்டாரத்துக்கு அனுப்பிய இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர்கள் ஊரின் மறு கோடியில் இருந்தார்கள்.

அவர் நடந்தார். புள்ளி இல்லாத கதவுகளைக் கையால் தட்டி, வந்தவர்களைக் கெஞ்சி, செருப்பு அறுந்ததும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதிப் பேர் ஏற்கனவே போட்டுவிட்டிருந்தார்கள். மீதியில் பாதிப் பேர் அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். டிராம் டிரைவர் வாசலில் நின்று, வெறுங்காலோடு போகிறவரைப் பார்த்தார். கூப்பிட வாயைத் திறந்து, கூப்பிடாமல் உள்ளே போய்விட்டார்.

டீச்சர் தோற்றார். மொத்த ஊரில் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டு வித்தியாசம். மீட்டர்காரரின் மூன்று தெருவும் போட்ட பெட்டியில், போன தடவை அறுநூற்றுப் பத்து விழுந்த இடத்தில் முன்னூற்று நாற்பது.

மச்சான் கடையை அடைத்துவிட்டு வந்து சங்கடத்தோடு உட்கார்ந்தார். "மூவாயிரம் எங்க, உங்க இருபத்து நாலு எங்க? அதுக்குப் போய் ரெண்டு நாளா சாப்பிடாம இருக்கீங்களே மச்சான். உங்களால ஒண்ணும் தோக்கல."

"ஊர்ல எத்தன தெரு இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? எழுநூறு இருக்கும்."

"எல்லாத் தெருவுலயும் ஒரு ஆள் பட்டியல் எடுத்துக்கிட்டுப் போயிருப்பான்ல. எல்லாக் கதவும் திறந்திருக்குமா? அவன் என்ன எழுதியிருப்பான்?" அவர் விரலால் தரையில் ஒரு புள்ளி வைத்தார். "என்னையாவது புள்ளி வைக்கப் பழக்கியிருக்காங்க. அவங்க புள்ளி கூட வச்சிருக்கமாட்டாங்க."

மச்சான் எதிரில் இருந்த சோற்றுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். இந்தக் கணக்கு சரிதானா என்பது வேறு விஷயம். டீச்சரே அந்த நான்கு வருடமும் போன தடவைக் கைதட்டலை வைத்துத்தான் ஓட்டினாரோ, எரியாத தெருவிளக்குகளின் பக்கம் வந்து ஒரு கதவையாவது தட்டினாரோ, யாருக்குத் தெரியும்.

புதுத் தலைவர் சொன்னதைச் செய்தார். குழுவின் அறை முதல் நாளே பூட்டப்பட்டது. ஒன்பதாவது நாள் கடிதம் வந்தது. வழக்கு சாதாரண கோர்ட்டுக்கு மாற்றப்படுகிறது, ஆறு வாரத்தில் விசாரணை.

மகள் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்தாள். புள்ளி விஷயத்தை அவர் அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். அவள் அதற்கு அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "நீங்க என்கிட்ட தெரு பூரா நம்ம பக்கம்னு சொன்னீங்களேப்பா," என்று மட்டும் சொன்னாள். "அதத்தான் என்னால மறக்க முடியல. அன்னிக்கு நான் நல்லாத் தூங்கினேன்."

வக்கீல் நம்பிக்கை கொடுக்கவில்லை. ஒரு வழி மட்டும் சொன்னார். தெருவில் இவளைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர்கள் முப்பது பேர், இவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நீதிபதி ஒருவேளை எச்சரித்து விட்டுவிடலாம். "முப்பதுக்குக் கீழ வேண்டாம். முக்கியமா, உங்க நிறத்துக்காரங்க மட்டும் போட்டா பிரயோஜனமில்ல."

மீட்டர்காரர் ஒரு வெள்ளைத் தாளில் ஒன்று முதல் முப்பது வரை எண் போட்டுக்கொண்டு கிளம்பினார். பத்து நாளில் பதினோரு கையெழுத்து. ஒன்பது, சொந்த நிறத்தவர்கள். பத்தாவது லிஸ்ட் அக்கா, அவள் அந்தத் தெருவே இல்லை. பதினோராவது டிராம் டிரைவர். கண்ணாடியைத் தேடி எடுத்து, முழுப் பெயரையும் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஓட்டு வேற, இது வேற. தப்பா எடுத்துக்காதீங்க," என்றார்.

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்கய்யா," என்றார் மீட்டர்காரர். அவர் குரலில் கோபம் இல்லை.

டிராம் டிரைவர் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

மற்றவர்கள் எல்லாம் வருத்தப்பட்டார்கள். ஐயோ பாவம் என்றார்கள். வீட்டுக்காரர் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். கோர்ட்டு விஷயமாச்சே என்றார்கள். முட்டிவலிக்காரம்மா கதவையே திறக்கவில்லை.

பதினோராம் நாள் மாலை அவர் மறுபடியும் அந்த இரண்டாம் மாடிக்கு ஏறினார். மணி அடித்தார். உள்ளே டி.வி. சத்தம் குறைந்தது. ஒரு நாற்காலி நகர்ந்தது. பத்தொன்பது வருடத்தில் இந்த இடத்தில் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான், எண்ணை எழுதிப் புள்ளி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வது. கையில் இருந்த தாளில் பன்னிரண்டாவது கட்டம் காலியாக இருந்தது. இதில் ஆவரேஜ் போட முடியாது. போன தடவை என்று ஒன்று இதற்குக் கிடையாது.

"அம்மா, நீங்க உள்ள இருக்கீங்கன்னு தெரியும்," என்றார் கதவிடம். "நான்தான். கையப் பிடிச்சுப் படி ஏத்தினேனே."

அவர் தாளைச் சுவரில் வைத்து நீவிக்கொண்டார். பேனாவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டார். மறுபடியும் தட்டினார்.